மாரியாயி என்னும் பெயர்

(ஆலய ஆண்டுத் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இம்மேடையில் புராண வரலாறுகளைக் கேட்டுப் பழகிய உங்கள்முன் இன்று ஒரு பெண்பெயரைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இத்தலைப்பை நானே வேண்டிப் பெற்றேன். அதற்குக் காரணம் உண்டு. திருப்பணி நிறைவில் கருங்கல் பலகை ஒன்று பதித்து, அதில் தொடக்ககால உபயகாரர்களின் பெயர்களைப் பொறிக்க வேண்டும் என்பது நிர்வாகக் குழுவினரின் எண்ணம். பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பை, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் என்னிடம் ஒப்படைத்தார்கள். செல்லரித்த பழைய சந்தாக் குறிப்பேடு ஒன்றும் உடன் வந்தது. அதைப் புரட்டிக்கொண்டு வருகையில், ஒரே பக்கத்தில் நான்கு மாரியாயிகளைக் கண்டேன். ஒருவர் 'மேட்டு லயம்'. ஒருவர் 'நெட்டை'. ஒருவர் 'பால்காரர் வீடு'. நான்காமவருக்கு அடைமொழி ஏதும் இல்லை. வெறும் மாரியாயி, வெள்ளி இரண்டு. அவர் என் தந்தையைப் பெற்ற பாட்டியார். அந்நாளில் கொழுந்துக் கூடை சுமந்தவர்க்கு இரண்டு வெள்ளி சிறுதொகையன்று.

குறிப்பேட்டை மூடிவிட்டு, நம் தமிழ்ப்பள்ளியில் இன்று பயிலும் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒரு மாரியாயியும் இல்லை. அம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம், பால்குடம் எடுக்கிறோம், தீ மிதிக்கிறோம். அவள் பெயரை மட்டும் பிள்ளைக்கு வைப்பதில்லை. இது எவ்வாறு நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் சொல்லின் பொருள். 'மாரி' என்றால் மழை. இது சங்க இலக்கியங்களில் பயின்றுவரும் பழந்தமிழ்ச் சொல். புறநானூற்றில் கபிலர், புலவரெல்லாம் பாரி ஒருவனையே புகழ்கின்றனரே, இவ்வுலகைக் காப்பதற்கு மாரியும் உண்டே என்று பழிப்பது போலப் புகழ்கிறார். வள்ளலுக்கு நிகராக நிறுத்தத் தக்க பெயர் அப்போது மாரி ஒன்றுதான். தமிழகத்துப் பேச்சுவழக்கில் இச்சொல் ஏறக்குறைய மறைந்து, 'மழைக்காலம்' என்றே வழங்குகிறது. ஆனால் யாழ்ப்பாணத்தார் இன்றும் 'மாரிகாலம்' என்றே சொல்லுகின்றனர். அங்கே மழையில் கத்தும் தவளைக்கும் 'மாரித்தவளை' என்றே பெயர்.

'ஆயி' என்றால் தாய். ஆக, மாரியாயி என்பது 'மழைத்தாய்' என்றாகிறது. இதே 'ஆயி'யைச் செல்லாயி, பொன்னாயி, பாப்பாயி, கருப்பாயி ஆகிய பெயர்களிலும் காணலாம். திருச்சி, சேலம், நாமக்கல் வட்டாரங்களில் இவ்வீறு மிகுதி. தென்மாவட்டங்களிலோ மாரியம்மாள், மாரித்தாய், முத்துமாரி என்பன பெருவழக்கு. பெயரின் கடைசி எழுத்துகளைக் கேட்டே, 'நீங்கள் முசிறிப் பக்கமா, துறையூர்ப் பக்கமா?' என்று வினவிய முதியவர்களை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கடல் கடந்து வந்தவர்க்குப் பெயரே ஊர் முகவரியாகவும் இருந்தது.

இனி மறுபக்கம். வடமொழியில் 'மாரி' என்பது கொள்ளைநோயையும் அழிவையும் குறிக்கும் சொல். இறத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. அம்மை நோயின் தெய்வத்திற்கு இச்சொல்லே பெயராயிற்று என்று கூறும் அறிஞர்களும் உளர். மூன்றாவதாக ஒரு நாட்டார் விளக்கமும் உண்டு. சமதக்கினி முனிவரின் ஆணைப்படி பரசுராமர் தம் தாய் இரேணுகையின் தலையை வெட்டினார். தடுக்க முயன்ற எளிய குலத்துப் பெண் ஒருத்தியின் தலையும் உடன் வீழ்ந்தது. பின்னர் உயிர்ப்பிக்கும்போது தலையும் உடலும் மாறிப் பொருந்திவிட்டன. அவ்வாறு 'மாறி'யவள் மாறியம்மன் என்பர். தமிழாசிரியன் என்ற முறையில் இதை நான் ஏற்க இயலாது. இடையின ரகரம் வேறு, வல்லின றகரம் வேறு. ஆயினும் இலக்கணம் ஒப்பாத இக்கதையை என் மனம் தள்ளுவதில்லை. உயர்குலத் தலையும் எளிய குலத்து உடலும் ஒட்டி ஒரு தெய்வமானது என்று லயத்து வாசலில் அமர்ந்து சொல்லிக்கொண்டவர்களுக்கு, அக்கதை தேவைப்பட்டிருக்கிறது.

மழையா, நோயா? எது முதற்பொருள்? இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம் காலத்து வழக்கம். நம் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. அந்நூலின் உரைபெறு கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. கண்ணகி மதுரையை எரித்தபின் பாண்டிநாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்பு நோயும், உடலில் கொப்புளம் எழுப்பும் 'குரு' என்னும் நோயும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு விழவொடு சாந்தி செய்தபின்னரே மழை பெய்தது. நோயும் துன்பமும் நீங்கின. பூமி காய்ந்தால் உடலும் காயும், வானம் குளிர்ந்தால் உடலும் குளிரும், இரண்டுக்கும் ஒரு தாயே பொறுப்பு என்பது அவர்கள் கருத்து. வடநாட்டாரும் அம்மைத் தெய்வத்தைச் 'சீதளா', அதாவது குளிர்ந்தவள் என்றே அழைக்கின்றனர்.

அம்மை கண்ட வீட்டில் வழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். நோயின் பெயரே 'அம்மை'. தாய் என்று பொருள். உடம்பெங்கும் எழும் கொப்புளங்களைக் கொப்புளம் என்று சொல்லமாட்டார்கள்; 'முத்து' என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். நோயாளியைத் தொட்டுப் பேசுவதில்லை. வெளியாரை உள்ளே விடுவதில்லை. தாளிக்கும் ஓசையும் மணமும் அவ்வீட்டில் எழலாகாது. முத்து இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் கலந்து வெயிலில் வைத்த நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அறியாமை என்று இவற்றை நகைத்தவர்கள் பலர். நோயாளியைத் தனிமைப்படுத்தும் மருத்துவ நெறி அச்சடங்கினுள்ளே அடங்கியிருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. பெரியம்மைக்கு வேப்பிலை மருந்தாகவில்லை. கண்ணிழந்தோரும் பிள்ளையிழந்தோரும் எண்ணிறந்தோர்.

பெயர் பிறந்த இடம் இதுதான். பிள்ளையை அம்மை கொண்டுபோகாமல் விட்டுவைத்தால், 'உன் பெயரையே வைக்கிறேன், தாயே' என்று நேர்ந்துகொள்வார்கள். முன்பிறந்த குழந்தைகள் இறந்த வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் அப்பெயரே. ஆணாயின் மாரிமுத்து, மாரியப்பன். பெண்ணாயின் மாரியாயி, மாரியம்மாள், முத்துமாரி. என் பாட்டியார்க்கு மூத்தவர் மூவர் இருந்தனராம். ஒரே கோடையில் மூவரும் போயினர். இவர் முகத்தில் தழும்புகளோடு எஞ்சினார். முதலில் வைத்திருந்த பெயரை மாற்றி மாரியாயி என்றழைத்தனர். முதற்பெயர் யாதென்று நான் கேட்டதுண்டு. 'அது அம்மாவோட போயிடுச்சு' என்பார். எந்த அம்மா என்று விளக்கமாட்டார்.

அத்தகையோர் ஆயிரமாயிரவர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தனர். ஏறுமுன் குடியேற்ற முகாமில் அம்மை குத்தினார்கள். வந்திறங்கியபின் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவு போன்ற தனிமை முகாம்களில் நிறுத்தி வைத்தார்கள். நாடு மாறியும் அம்மை பற்றிய அச்சம் மாறவில்லை. ஆகவே, சென்ற இடமெல்லாம் முதலில் எழுந்தவள் மாரியம்மனே. சிங்கப்பூரில் 1827, பினாங்கில் 1833, கோலாலம்பூரில் 1873 என்று நகரக் கோயில்கள் எழுந்தன. தோட்டங்களிலோ காட்டை வெட்டியதும் ஒரு மரத்தடிச் சூலம், பின்னர் அத்தாப்புக் குடிசை, பின்னர் தகரக் கூரை என்று கோயில் வளர்ந்தது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இதுவே நிலை. வடக்கிலிருந்து மலையேறிச் சென்ற தொழிலாளர் வழியில் அமைந்த மாத்தளையில் முத்துமாரியம்மன் வீற்றிருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

நம் மலைக்கு வருவோம். வில்லியம் கேமரன் 1885-இல் இப்பகுதியை அளக்க வந்தார். ரஸ்ஸல் என்பார் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலை முடிந்தது 1930-களின் தொடக்கத்தில். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள இந்தத் தானா ராத்தாவில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை இல்லையேல் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையேல் பேர் போடும் பலகையும் இல்லை, பேரும் இல்லை. முசிறியின் காய்ந்த கரட்டிலிருந்து வந்த ஒரு மாரியாயி, மாதக்கணக்கில் மாரி ஓயாத இம்மலையில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொழுந்து பறித்தாள் என்பதை எண்ணும்போதெல்லாம், பெயர் தன் பொருளைத் தேடிக் கடல் கடந்து வந்துவிட்டது போலும் என்று எனக்குத் தோன்றும்.

மழை என்றால் இனிமை மட்டும் என்று எண்ணிவிட வேண்டா. 2013 அக்டோபரில் நடந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். கனமழையால் ரிங்லெட் நீர்த்தேக்கம் நிரம்பி, அணைநீர் திறந்துவிடப்பட்ட இரவில், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்றது. காப்பவளும் அவளே, அழிப்பவளும் அவளே என்று பூசாரியார் உடுக்கடித்துப் பாடும்போது, அதை வெறும் துதியாகக் கேட்டவர்களுக்கு அவ்விரவு பொருள் விளங்கியிருக்கும்.

நிற்க. அப்பெயர் குன்றிய வரலாற்றைச் சொல்லவேண்டும். முதற்காரணம் மகிழ்ச்சிக்குரியது. 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980 மே 8-ஆம் நாள் உலகச் சுகாதாரப் பேரவை, பெரியம்மை உலகினின்றே ஒழிந்தது என்று அறிவித்தது. நேர்த்திக்கடனுக்குக் காரணம் நீங்கியபின் நேர்ந்து வைக்கும் பெயரும் நீங்குதல் இயல்பே. இதற்கு யாரும் வருந்தத் தேவையில்லை.

இரண்டாம் காரணம் வெட்கத்திற்குரியது. மாரியாயி என்றால் தோட்டத்துப் பெயர், படியாதவள் பெயர், பழைய பெயர் என்ற இளப்பம் நம்மிடையே புகுந்தது. ஜகரமும் ஷகரமும் வராவிட்டால் அது பெயராகாது என்றாயிற்று. எண்கணிதர் சொற்படி எழுத்தைக் கூட்டியும் குறைத்தும், தாமே உச்சரிக்க இயலாத பெயர்களைப் பெற்றோர் சூட்டலாயினர். வியப்பு யாதெனில், ஆண்பெயருக்கு அவ்வளவு இழுக்கு நேரவில்லை. 2016-இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற சேலத்து இளைஞர் மாரியப்பன் பெயரை உலகமே உச்சரித்தது. பெண்பிள்ளைக்கு மட்டும் அப்பெயர் கூடாதாம். பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தபோது முத்துமாரியைப் பாடினார். 'தேச முத்துமாரி' என்று நாட்டிற்கே அப்பெயரை ஏற்றினார். அவருக்கு நாணம் தோன்றவில்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்பீர்களாயின், இல்லை என்பதே விடை. 1981-இல் என் மகள் பிறந்தபோது, பாட்டியார் பெயரை வைக்கவேண்டும் என்று என் தந்தையார் விரும்பினார். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று நான் மறுத்தேன். தமிழ் கற்பிக்கும் ஆசிரியனே மறுத்தேன். ஏதோ ஒரு நாகரிகப் பெயரைச் சூட்டினேன். பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. 'பேரு நல்லாத்தான் இருக்கு. கூப்பிட்டா திரும்புதான்னு பாரு' என்றார், அவ்வளவே. ஆனால் தாம் கண்மூடும்வரை அக்குழந்தையை அப்பெயரால் ஒருநாளும் அழைத்தாரில்லை. 'ஆயி' என்றே அழைத்தார். நான் கொடுக்க மறுத்த பெயரில் பாதியை அவரே கொடுத்துவிட்டுப் போனார். கோலாலம்பூரில் வாழும் என் மகள் இன்று தன் மகளை அவ்வாறே அழைக்கிறாள். ஏன் என்று கேட்டேன். 'வீட்டில் அப்படித்தானே கூப்பிடுவார்கள்' என்றாள்.

மூன்றாம் காரணம், நாம் கவனிக்காமலே நடந்தது. 1948-இல் அவசரகாலம் தொடங்கியபின், பன்னிரண்டு வயது நிரம்பியோர் அனைவரும் அடையாள அட்டை பெறவேண்டியதாயிற்று. எழுத்தறியாத நம் பெண்கள் வாயால் பெயர் சொல்ல, எழுதுபவர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். அவ்வெழுத்து முறையில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. 'மா' என்பதும் 'ம' என்பதும் ஒன்றே. மாரியாயி, 'மரியாயி' என்று படிக்கும்படி ஆனாள். தமிழ்க் கத்தோலிக்க அன்பர்கள் இயேசுவின் தாயாரை மரியாயி என்றே அழைப்பர். 'மரியாயின் சேனை' என்னும் அமைப்பை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் தாயைப் போற்றும் பெயரே, மதிப்பிற்குரியதே. ஆனால் அது வேறு தாய், வேறு சொல், வேறு மொழியில் பிறந்தது. அவ்வாறே மாரியம்மா 'மரியாமா' ஆகி, மலாய்க்காரர் வீட்டு மரியாம் என்னும் பெயர்க்கு உறவானாள். ஒரு கால் போனதால் ஒரு பெயர் மூன்று சமயங்களுக்குப் பொதுவாயிற்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வேடிக்கை இல்லாத பக்கமும் உண்டு. பாட்டியாரின் மூன்று பத்திரங்களில் அவர் பெயர் மூன்று வகையாக எழுதப்பட்டிருந்தது. தம் பணத்தைத் தாமே பெறுவதற்கு, மூன்றும் ஒருவரே என்று சத்தியப்பிரமாணம் செய்யவேண்டியிருந்தது. அதற்காக ஓர் அலுவலகத்திற்கு அவரை அழைத்துச் சென்றிருந்தேன். தேநீர் வாங்கி வரச் சென்று நான் திரும்புகையில், அங்கிருந்தவர் 'மரியாயி' என்று மும்முறை கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். பாட்டியார்க்குக் காது நன்றாகவே கேட்கும். ஏன் எழவில்லை என்று கேட்டேன். 'என்னைக் கூப்பிடலையே' என்றார். மாலைவரை காத்திருந்து வெறுங்கையோடு மலையேறினோம். பேருந்தில் மழைச்சாரல் அடித்தது. அவர் சன்னலை மூட விடவில்லை.

இப்போது கருங்கல் பலகைக்கு வருகிறேன். நிர்வாகக் குழுவினர் என்னிடம் தந்த பட்டியல், பழைய ரோமன் எழுத்துப் பதிவுகளிலிருந்து கணினியில் தமிழாக்கப்பட்டது. குற்றம் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வேலை எளிதாகட்டும் என்று செய்ததுதான். அதில் நான்கு பெண்களும் 'மரியாயி' என்றே இருக்கின்றனர். அடைமொழிகளும் நீங்கிவிட்டன, ஆகவே, ஒரே பெயர் நான்கு முறை தவறாக வந்துவிட்டது என்று எண்ணி, மூன்றை யாரோ அடித்தும் இருக்கிறார்கள்.

நான்கு பேரும் நான்கு பேரே. செல்லரித்த குறிப்பேட்டை நிர்வாகக் குழுத் தலைவரிடம் இன்று திருப்பி ஒப்படைத்துவிட்டேன். அப்பக்கத்தில் அடையாளத் தாள் வைத்திருக்கிறேன். கல் தச்சர் உளி எடுப்பதற்கு இன்னும் இரண்டு வாரம் இருப்பதாக அறிகிறேன். மேட்டு லயத்து மாரியாயி, நெட்டை மாரியாயி, பால்காரர் வீட்டு மாரியாயி, வெறும் மாரியாயி என நால்வரையும் நான்கு வரிகளில், அவரவர் கொடுத்த வெள்ளியோடு, மகரத்திற்குப் பின் கால் வைத்துப் பொறிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடுதல் எழுத்துகளுக்கு ஆகும் கூலியை என் உபயமாக ஏற்கிறேன்.